பதினோராம் எண்

தூக்கம் வராதவனுக்கு வைத்தியம் சொல்லாதவர் உலகத்தில் யாரும் கிடையாது. வெந்நீரில் காலை வைத்துக்கொள் என்பார் ஒருவர். கசகசாவைப் பாலில் அரைத்துக் குடி என்பார் இன்னொருவர். "உங்கள் நாவலையே எடுத்துப் படியுங்களேன்" என்று சொன்ன நண்பரும் உண்டு; அவரோடு இன்னும் சிநேகமாகத்தான் இருக்கிறேன். ஆனால் எனக்குப் பலித்த வைத்தியம் இவை எதுவும் அல்ல. கப்பல்காரர்களுக்காக ரேடியோவில் படிக்கிற வானிலை அறிக்கைதான் அது.

2013-ஆம் வருஷக் குளிர்காலத்தில் லண்டனில் என் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊர். அவ்வளவு நீளமான இரவை வைத்துக்கொண்டு ஒரு கிழவன் என்னதான் செய்வான்? படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ரேடியோவைத் திருகினேன். மணி பன்னிரண்டே முக்கால் தாண்டி மூன்று நிமிஷம். தாலாட்டு மாதிரி ஒரு வாத்திய சங்கீதம் வந்து ஓய்ந்தது. பிறகு ஓர் அம்மாளின் குரல், அவசரமும் இல்லாமல் அலுப்பும் இல்லாமல், பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தது. வைக்கிங், நார்த் உட்சிரா, சவுத் உட்சிரா, ஃபோர்ட்டீஸ், குரோமார்ட்டி, ஃபோர்த், டைன், டாகர்... சகஸ்ரநாமம் கேட்பது போல இருந்தது. அர்த்தம் தெரியாமலே மனசு அடங்குகிறது அல்லவா, அப்படி அடங்கியது.

மறுநாள் மகளிடம் கேட்டேன். "அதுவா அப்பா? ஷிப்பிங் ஃபோர்காஸ்ட். இங்கே பாதிப் பேர் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குகிறார்கள்" என்றாள். கடலையே எட்டிப் பார்க்காதவர்கள்கூடவா என்று கேட்டேன். "அவர்கள்தான் அதிகம்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள்.

நாவலாசிரியனுக்கு ஒரு கெட்ட பழக்கம். தூக்க மருந்தாக வந்ததையும் சும்மா விடமாட்டான். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் அவனுக்கு. பிரித்துப் பார்த்தேன். பிரிட்டிஷ் தீவுகளைச் சுற்றியுள்ள கடலை முப்பத்தோரு பகுதிகளாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். வடகிழக்கே நார்வே பக்கத்தில் தொடங்கி, கடிகார முள் சுற்றுகிற திசையில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போய், ஐஸ்லாந்துக்குப் பக்கத்தில் முடிப்பார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம், மழையா வெயிலா, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். மொத்த அறிக்கையும் 350 வார்த்தைக்குள் அடங்க வேண்டும். நள்ளிரவு அறிக்கைக்கு மட்டும் தயவு பண்ணி இன்னும் முப்பது வார்த்தை.

அந்த வார்த்தைகளுக்கும் கணக்கு உண்டு. புயல்காற்று "உடனே" என்றால் ஆறு மணி நேரத்துக்குள் என்று அர்த்தம். "சீக்கிரம்" என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணிக்குள். "பிற்பாடு" என்றால் பன்னிரண்டு மணிக்கு மேல். நம் வீட்டுக்கு வரும் தச்சர் "இதோ வந்துவிட்டேன்" என்பது எத்தனை மணி என்று இதுவரை யாராவது நிர்ணயம் செய்திருக்கிறார்களா? "பார்வை நன்று" என்றால் ஐந்து கடல்மைலுக்கு மேல் தெரியும் என்று அர்த்தமே தவிர, உற்சாகப்படுத்துவதற்காகச் சொல்கிற வார்த்தை அல்ல. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாற்பது வருஷம் பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு இதைக் கேட்டால் பொறாமை வராமல் என்ன செய்யும்?

இதற்கு மூலபுருஷர் ஒருவர் இருக்கிறார். டார்வினை உலகம் சுற்றிக் காட்டிய பீகிள் கப்பலின் தலைவர், ராபர்ட் ஃபிட்ஸ்ராய். 1859-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கத்தோடு திரும்பி வந்த ராயல் சார்ட்டர் என்ற கப்பல், வேல்ஸ் கரைக்கு அருகே புயலில் சிக்கி உடைந்தது. சுமார் 450 பேர் போனார்கள். வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சாவது என்ன விதி! ஃபிட்ஸ்ராய் அப்போது அரசாங்கத்தின் வானிலை இலாகாவுக்குத் தலைவர். ஓரிடத்தில் புயல் இருக்கிறது என்பதைத் தந்தி மூலம் மற்ற துறைமுகங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1861-ல் தொடங்கினார். தந்தி வந்ததும் துறைமுகத்துக் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையும், இரவில் விளக்குகளும் ஏற்ற ஏற்பாடு செய்தார். அந்த வருஷமே பத்திரிகையில் நாளை வானிலை எப்படி என்றும் வெளியிட ஆரம்பித்தார்.

பலித்த நாளில் யாரும் பேசவில்லை. பலிக்காத நாளில் எல்லோரும் பேசினார்கள். கேலி, கண்டனம், கடன், உடல்நலக் குறைவு எல்லாம் சேர்ந்துகொண்டன. 1865-ல் அந்த மனிதர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மறுவருஷம் எச்சரிக்கையையும் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? கடலுக்குப் போகிறவர்கள் அதைத் திரும்பக் கேட்டார்கள். அதற்கடுத்த வருஷமே கம்பத்தில் கூம்பு மறுபடி ஏறியது. தவறாகச் சொன்னாலும் சொல். சொல்லாமல் மட்டும் இருக்காதே என்பதுதான் அவர்கள் கட்சி. கப்பல்களுக்கு ரேடியோ மூலம் அறிக்கை படிப்பது 1924-ல் வந்தது. 2002-ல் அந்த முப்பத்தொன்றில் ஒரு கடல் பகுதிக்கு ஃபிட்ஸ்ராய் என்றே பெயர் வைத்தார்கள். கொஞ்சம் தாமதமான மரியாதைதான்.

கூம்பு, உருளை, விளக்கு என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவற்றை நான் பார்த்திருக்கிறேன். லண்டனில் அல்ல, நாகப்பட்டினத்தில்.

"நாகையில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று இன்றும் ஐப்பசி, கார்த்திகையில் பத்திரிகையில் படிக்கிறோம். அந்தக் கூண்டு என்னும் வார்த்தை குழந்தைகளைப் படுத்துகிற பாடு கொஞ்சம் அல்ல. உள்ளே கிளி இருக்கும் என்று நான் வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் தாய்மாமா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்டினார். கிளியும் இல்லை, ஒன்றும் இல்லை. கம்பத்தின் உச்சியில் கறுப்பாகக் கூம்பும் உருளையும் தொங்கின. ராத்திரி ஆனால் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. 1864-ஆம் வருஷம் கல்கத்தாவில் அடித்த பெரும் புயலுக்குப் பிறகு வங்காள விரிகுடாவுக்கு வந்து சேர்ந்த முறை அது. எங்கள் ஊர்க் கம்பத்துக்கும் ஃபிட்ஸ்ராய் துரைக்கும் இப்படி ஓர் உறவு இருந்தது எனக்குத் தெரிய ஐம்பது வருஷம் ஆயிற்று.

மாமா விரல் விட்டு எண்ணினார். ஒன்றும் இரண்டும் தூரத்துச் சமாசாரம். நடுக்கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது, கப்பல் தலைவர்கள் யோசித்துக்கொண்டு கிளம்பட்டும் என்பது. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. ஐந்து, ஆறு, ஏழு என்றால் அபாயம். எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரிய அபாயம்.

"பத்துதான் ரொம்பக் கெட்டதா மாமா?"

"பத்து கெட்டதுதான். ஆனா எனக்குப் பயம் பதினொண்ணுதாண்டா."

"பதினொண்ணுன்னா அதைவிடப் பெரிய புயலா?"

"இல்லை. புயல் எங்கே இருக்குன்னே தெரியாது. தந்தி அறுந்துபோச்சு, வானிலை ஆபீசிலேருந்து ஒண்ணும் வரலை, ஆனா ஆபத்து இருக்குன்னு தோணுது, அப்ப ஏத்தறது பதினொண்ணு."

சேதி வரவில்லை என்பதற்கு ஒரு எண்ணா என்று நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ரஜூலா கப்பல் போகும். சென்னையில் புறப்பட்டு எங்கள் ஊரில் ஆளை ஏற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று போய்த் திரும்பும். கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். சாமானும் சனமும் படகில் போய் ஏற வேண்டும். 1961-ஆம் வருஷம், எனக்குப் பத்து வயது, என் சித்தப்பா அந்தக் கப்பலில் ஏறினார். பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதும் உத்தியோகம் கிடைத்திருந்தது. ஐப்பசி கடைசி. "தை பிறந்து போகக்கூடாதாடா?" என்று அப்பாயி கேட்டாள். கடைக்காரர் தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

படகு கப்பலைப் போய்ச் சேர்கிற வரைக்கும் அப்பாயி கரையில் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டாள். எதிர்வீட்டு ஜவுளிக்கடைக்காரரிடம் ஒரு மர்பி ரேடியோ இருந்தது. தினம் சாயங்காலம் செய்தி முடிகிற நேரத்துக்கு நான் போய், கடலைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வந்து அவளிடம் சொல்ல வேண்டும். ஒரு வாரப் பயணம். ஏழு நாள் உத்தியோகம். சம்பளம் நாளுக்கு ஒரு கடலை உருண்டை.

அந்த ரேடியோச் செய்தி ஊருக்குத்தான். கப்பலுக்கு வேறு வழி என்று மாமா சொல்லியிருந்தார். கப்பலில் ஒரு சின்ன அறையில் ஒருவர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கரையிலிருந்து கட்டு கடகட என்று மோர்ஸ் ஒலியில் வானிலை வரும். அவர் எழுதிக் கப்பல் தலைவரிடம் கொடுப்பார். அதோடு நில்லாமல், தங்கள் இடத்தில் காற்று எப்படி, காற்றழுத்தமானி எவ்வளவு காட்டுகிறது என்று கப்பலும் கரைக்குச் சொல்லும். வானத்திலிருந்து படம் பிடிக்கிற செயற்கைக்கோள் வழக்கத்துக்கு வராத காலம். கடல் நடுவில் என்ன நடக்கிறது என்பது கரைக்குத் தெரிய வேண்டுமானால் அங்கே ஒரு கப்பல் இருந்தாக வேண்டும். எச்சரிக்கை கேட்டுக் கப்பலெல்லாம் விலகிவிட்டால் புயலைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்காது. இந்த வேடிக்கையை மாமா சொன்னபோது எனக்குச் சித்தப்பாதான் புயலைப் பார்த்துச் சொல்லப் போயிருப்பது போல இருந்தது.

முதல் மூன்று நாள் ஒரு விசேஷமும் இல்லை. "கடல் சும்மா இருக்காம் அப்பாயி" என்றேன். உருண்டை கிடைத்தது. நாலாம் நாள் ரேடியோவில் அந்தக் குரல், தென்கிழக்கு வங்கக் கடலில் இருந்த தாழ்வு மண்டலம் வலுத்துப் புயலாகிவிட்டது என்றது. ஜவுளிக்கடைக்காரர் "அடடா" என்று என்னைப் பார்த்தார். அந்த அடடாதான் என்னை அடித்துவிட்டது.

நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கால் வரவில்லை. காயாரோகணசுவாமி கோயிலுக்குள் போய் ஒரு தூண் மறைவில் உட்கார்ந்துகொண்டேன். பொய் சொல்லத் தைரியம் இல்லை. நிஜம் சொல்லவும் தைரியம் இல்லை. சொல்லாமல் இருந்துவிட்டால் புயல் இல்லாமலே போய்விடும் என்று ஒரு நினைப்பு. பத்து வயசுக்கு அது பெரிய யோசனைதான். அர்த்தஜாமம் முடிந்து கதவு சாத்த வந்த போதுதான் என்னை எழுப்பி அனுப்பினார்கள். வெளியில் மழை.

வீட்டில் அப்பாயி இல்லை.

செய்தி முடிந்து அரை மணி வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்திருந்தாளாம். பிறகு எழுந்து, யாரிடமும் சொல்லாமல், அந்த மழையில் கடற்கரைக்கு நடந்து போயிருக்கிறாள். மாமா போய்ப் பார்த்தபோது கம்பத்தடியில் நின்று மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு எண் தெரியாது. அங்கே இருந்த காவல்காரரிடம் "இந்த வெளக்கு என்ன சொல்லுது? எம்மவன் கப்பலைப் பத்தி என்ன சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாளாம். அது இரண்டாம் எண்தான், புயல் தூரத்தில் இருக்கிறது என்று மாமா சொன்ன பிறகுதான் திரும்பினாள்.

அப்பா என்னை அடிக்க வந்தார். அப்பாயி தடுத்துவிட்டாள். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "மழை வருதுன்னு சொன்னீன்னா நான் கொடை எடுத்துக்குவேன். வரலைன்னா சும்மா போவேன். ஒண்ணும் சொல்லாமப் போயிட்டா நான் என்னத்தைடா எடுத்துக்கிட்டுப் போறது?"

அவளுக்குப் பத்து நாள் காய்ச்சல். அந்தப் பத்து நாளும் நான் செய்தி கேட்டு வந்து, உள்ளது உள்ளபடி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தேன். புயல் வடக்கே திரும்பியது. ரஜூலா ஒரு நாள் தாமதமாகப் பினாங்கு போய்ச் சேர்ந்ததாகத் தந்தி வந்தது. அத்துடன் என் உத்தியோகம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மறுநாள் சாயங்காலமும் "போய்க் கேட்டுட்டு வாடா" என்றாள்.

"சித்தப்பாதான் போய்ச் சேர்ந்தாச்சே அப்பாயி?"

"அவன் சேந்துட்டான். வேற யாரோ பெத்த புள்ளை கப்பல்ல இருக்கில்ல?"

சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால்தான் மகள் "கடலைப் பார்க்காதவர்கள்தான் அதிகம்" என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து போன ரயிலையும் அலை இழுத்துக்கொண்டது. பாம்பன் பாலமும் சிதைந்தது. அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டுவிட்டு மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அங்கே கம்பி அறுந்ததுமே ஊர் பேச்சு நின்னுபோயிருக்கும். அந்தப் பேச்சில்லாத நேரம் இருக்கே, அதுதாண்டா பதினொண்ணு" என்றார். அன்று நான் சிரிக்கவில்லை.

இப்போது செயற்கைக்கோள் வந்துவிட்டது. கப்பலில் மோர்ஸ் கேட்கிற அறை இல்லை. 1999 முதல் அந்த முறையே போய், எச்சரிக்கை தானாக அச்சாகிக் கையில் விழுகிறது. புயல் வருவதை முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள்; பெயர் வைத்தும் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் 2017-ஆம் வருஷம் நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கிளம்பியபோது என்ன நடந்தது? தூத்தூர் பக்கத்து மீனவர்கள் பல நாள் முன்னாலேயே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் படகில் இருந்த ரேடியோவுக்குக் கரை எட்டாத தூரம். கரையில் எச்சரிக்கை இருந்தது, கடலில் மனிதர்கள் இருந்தார்கள், இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. பெண்கள் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அவர்களில் ஒவ்வொருத்தியும் எனக்கு அப்பாயியாகவே தெரிந்தாள். இரண்டு வருஷம் கழித்து, செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலிலும் எச்சரிக்கை கேட்கிற சின்னக் கருவி ஒன்றை மீனவர்களுக்காகக் கொண்டுவந்தார்கள். நல்லதுதான். ஃபிட்ஸ்ராய்க்கு வைத்த பெயரைப் போலக் கொஞ்சம் தாமதம்.

லண்டனிலிருந்து நான் ஊர் திரும்பிய சில மாதங்களில், 2014-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில், மகள் டெலிபோனில் ஒரு சமாசாரம் சொன்னாள். காலை ஐந்து இருபதுக்கு வர வேண்டிய கப்பல் அறிக்கை அன்று ரேடியோவில் வரவில்லையாம். ஏதோ இயந்திரக் கோளாறு. தொண்ணூறு வருஷமாக அப்படித் தவறியதே இல்லை என்று ஊரே பேசிக்கொண்டதாம். உலக யுத்தத்தின்போது எதிரிக்கு உதவக் கூடாது என்று வானிலையையே ரகசியமாக வைத்தார்கள், அது வேறு. "ஒரு தடவை வராததற்கு இவ்வளவு அமர்க்களமா அப்பா!" என்று சிரித்தாள். அவளுக்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. டெலிபோன்தான் அறுந்துவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேன் அப்பா" என்றாள்.

அன்று முதல் ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி எழுதிவிடுகிறாள். நானும், உடம்பு சரியில்லை என்றால் சரியில்லை என்றே அவளுக்குச் சொல்கிறேன். கவலைப்படுவாளே என்று மறைப்பதில்லை.

ஐப்பசி பிறந்துவிட்டால் பத்திரிகையில் நாகப்பட்டினத்துக் கூண்டுச் செய்தியைத் தேடிப் படிக்கிறேன். முதலில் எண்ணைத்தான் பார்ப்பேன். ஒன்று ஏறியதாகப் படித்திருக்கிறேன்; மூன்று, ஏழு, பத்துகூடப் படித்திருக்கிறேன். பதினொன்று ஏறியதாக இதுவரை படித்ததில்லை. அப்பாடா என்று அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறேன்.